சீட்டு கேட்காத மாத்திரை

செவ்வாய்க்கிழமை காலை செருப்பின் வார் இறுகியது. "வலது கால் வீக்கம். அழுத்தினால் குழி விழுகிறது. நிரம்ப இருபது வினாடி" என்று நாட்குறிப்பில் எழுதினேன். புதனன்று இடது காலும் வீங்கியது. வியாழன் காலை கண்ணிமைகள் கனத்தன. வெள்ளியன்று சிறுநீர் கொஞ்சமாகவும் நுரையாகவும் போயிற்று. இவ்வளவையும் நேரம் போட்டு எழுதிவைத்த நான் மருத்துவமனைக்குப் போனது சனிக்கிழமைதான். ஒன்றை எழுதிவிட்டால் அதைக் கவனித்தாயிற்று என்ற நினைப்பு முப்பது வருடமாக எனக்கு உண்டு.

இப்போது வீட்டில் இருக்கிறேன். உப்பில்லாத சோறு பழகிவிட்டது. மருத்துவமனையில் இருந்த எட்டு நாட்களில் நடந்ததை எழுதச் சொன்னவர் என் கணவர். "உன்ன மாரி இன்னும் எத்தினி பேரு கீறாங்களோ, எழுது" என்றார். அவர் பெயர் தாமோதரன். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். உள்ளே வரும் லாரி எண்ணையும் வெளியே போகும் லாரி எண்ணையும் எழுதுவது அவர் வேலை. எங்கள் வீட்டில் இரண்டு பேருமே எழுதிப் பிழைப்பவர்கள்.

சனிக்கிழமை ஆட்டோவில் தண்டையார்பேட்டைக்குப் போனோம். ட்ரெய்லர் வரிசையில் சிக்கி நாற்பது நிமிடம் அசையவில்லை. "யார்டுல இன்னிக்கு லேட்டு பண்றது எங்காளுங்கதான்" என்று தாமு தன் ஆட்களையே திட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் முடிய மாலை ஆகிவிட்டது. காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலிகள். எதிர்ச்சுவரில் ஓசையில்லாமல் ஓடும் டிவி. டோக்கன் எண் அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டில் சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

சிறுநீரக மருத்துவர் நாற்பது வயதுப் பெண். மெதுவாகப் பேசுகிறவர். "கிரியாட்டினின் நாலு புள்ளி ஆறு" என்றார்.

கிரியாட்டினின் என்பது தசைகளில் உண்டாகும் ஒரு கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளும். என் வயதுப் பெண்ணுக்கு ரத்தத்தில் ஒன்று அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். நாலு புள்ளி ஆறு என்றால் வடிகட்டி முக்கால்வாசிக்கு மேல் நின்றுவிட்டது. இதை அவர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஸ்கேனில் சிறுநீரகங்கள் சுருங்காமல் இருப்பது நல்ல செய்தி. கெட்டுப்போய் வெகுகாலம் ஆகவில்லை என்று பொருள்.

"சுகர், பிரஷர் இருக்கா மேடம்?"

"இல்ல டாக்டர்."

"ஏதாவது மருந்து ரெகுலரா எடுக்கறீங்களா?"

"எதுவும் கிடையாது."

"நாட்டு மருந்து, லேகியம், உடம்பு எளைக்க பவுடர்?"

"ஒன்னும் இல்ல."

அவர் எழுதிக்கொண்டார். என்னைப் போலவே தெளிவான கையெழுத்து. அன்றே படுக்கை கொடுத்தார்கள்.

என் வேலையைச் சொல்லாமல் என் நோயைச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை, வரி பிடிப்பதற்கு முன்பே, மருத்துவச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போட்டுவைக்கலாம். கண்ணாடி, மருந்து, டாக்டர் கட்டணம் என்று செலவு செய்துவிட்டு ரசீதை அனுப்பினால் அந்தக் கணக்கிலிருந்து பணம் திரும்பி வரும். அந்த ரசீதுகளைச் சரிபார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். நான் சேர்ந்தபோது வலி மாத்திரைக்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கும் டாக்டர் சீட்டு கட்டாயம். சீட்டில்லாத ரசீதை மறுக்க வேண்டும். மறுப்பதில் நான் கெட்டிக்காரி.

2020இல் பெருந்தொற்று வந்தபோது அங்கே ஒரு நிவாரணச் சட்டம் போட்டார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரு மூலையில் எங்களைத் தொடும் சில வரிகள் இருந்தன. கடையில் நேராக வாங்கும் மருந்துக்கு இனிச் சீட்டு வேண்டாம். மாதவிடாய் நாப்கினுக்கும் பணம் தரலாம். அந்த ஜனவரியிலிருந்து வாங்கியவற்றுக்கும் இது செல்லும். பிறகு வந்த இன்னொரு சட்டம், வருடக் கடைசியில் காலாவதியாகிவிடும் மீதிப் பணத்தை அந்த இரண்டொரு வருடத்துக்கு மட்டும் அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக விட்டது. நாங்கள் மறுத்திருந்த ரசீதுகளை மறுபடி திறந்து பாஸ் செய்தோம். ஒரு திங்கட்கிழமை என் திரையிலிருந்து 'டாக்டர் சீட்டு' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நாப்கின் வரி எனக்குப் பிடித்திருந்தது. நியாயமான சட்டம் என்று நாட்குறிப்பில் எழுதினேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கிரியாட்டினின் ஞாயிறு காலை 5.1. திங்கள் காலை 5.7.

படுக்கைக்கு அடியில் அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. இருபத்து நாலு மணி நேரத்தில் போகும் சிறுநீர் முழுவதையும் அதில் பிடித்து அளக்க வேண்டும். ஆரோக்கியமானவருக்கு ஒன்றரை லிட்டராவது போகும். எனக்கு ஞாயிறன்று முந்நூற்று ஐம்பது மில்லி, திங்களன்று இருநூற்று எண்பது. தாமு அந்த ஜக்கைக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடப்பார். "கேட்டுல டீசல் லாரிய கூட இவ்ளோ பத்ரமா உட்டதில்ல" என்பார். நான் சிரிக்கவில்லை. டயாலிசிஸ் என்ற சொல் தலைக்குள் வண்டு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பக்கத்துக் கட்டிலில் இருந்தது. அவள் பெயர் மல்லிகா, வயது முப்பத்தெட்டு. வண்ணாரப்பேட்டையில் ஒரு புடவைக் கடையில் பதினைந்து வருடம் நின்று விற்றவள். வாரத்தில் மூன்று நாள் கீழ்த்தளத்துக்குப் போய் நாலு மணி நேரம் படுத்திருப்பாள். உடம்பின் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, எந்திரத்தில் கழுவி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்ப விடுவார்கள். கையில் ஊசி குத்தும் இடம் பழுத்துவிட்டதால் இந்த முறை சேர்த்திருந்தார்கள். அரசுக் காப்பீட்டு அட்டை இருப்பதால் செலவு ஓடுகிறது என்றாள். அவளுக்குச் சிறுநீர் அறவே நின்று இரண்டு வருடம். அதனால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். ஒரு சின்ன பாட்டிலை வைத்துக்கொண்டு மூடி மூடியாகக் குடிப்பாள்.

"யக்கா, ஸ்கோர் இன்னா?" என்று தினமும் காலையில் என் ஜக்கைப் பார்த்துக் கேட்பாள்.

"இருநூத்தி எம்பது."

"அய்ய, டெஸ்ட் மேட்சு ஆடறியா? அட்ச்சி ஆடுக்கா."

திங்கள் காலை மருத்துவர் பயாப்சி செய்யவேண்டும் என்றார். காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. முதுகுப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஒரு நீண்ட ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதையை எடுத்துச் சோதிப்பார்கள். நூற்றில் சிலருக்கு உள்ளே ரத்தம் கசியலாம். கிரியாட்டினின் இப்படியே ஏறினால் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்கு முன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. எந்த மருந்தும் இல்லையா?"

"இல்ல டாக்டர்."

மதியம் காப்பீட்டு மேசையிலிருந்து ஒரு தாள் வந்தது. நோயாளி இதற்கு முன் உட்கொண்ட மருந்துகளின் சீட்டுகளை அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அதே தோரணையில் நானே ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். 'அப்படி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலை நாலரைக்குப் பார்வையாளர் நேரத்தில் பஷீர் பாய் வந்தார். எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். கடையை மூடிவிட்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகையைத் தவிர வேறெதற்கும் அவர் கடை மூடி நான் பார்த்ததில்லை.

"இன்னாக்கா, இப்டி வந்து பட்துகினு கீறே! தாமு சொன்னதும் மன்சே பேஜாராப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒரு டஜன் ஆரஞ்சு. பாட்டிலில் இளநீர்.

மல்லிகா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பாய், ஆரஞ்சு ஆவாது. எளநீ ஆவவே ஆவாது. ரெண்டுலயும் பொட்டாசியம். கிட்னி கெட்டவங்களுக்கு நெஞ்சு நின்னுடும். கொல்லணும்னே பாத்துப் பாத்து வாங்கியாந்துகீறியா?"

பாய் முகம் சுண்டிவிட்டது. "தெரியாதும்மா" என்று அவற்றைத் திரும்பப் பையில் போட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இத்தயாவது வெச்சுக்கக்கா. ஒரு வாரமா நீ கட பக்கம் வரல. இங்க கட்லுல ஏறி எறங்க முட்டி வலிக்குமேன்னு எட்த்தாந்தேன்."

வலித்தது. கழிவறைக்கு நடந்ததில் இரண்டு முட்டியும் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிவிட்டேன்.

"யக்கா, கீழ போடு அத்த!"

மல்லிகா கத்தியதில் எதிர்க்கட்டில்காரர்கள் திரும்பினார்கள். டயாலிசிஸ் ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"அது வலி மாத்திரதானே? எனக்கு மொத நாளு டாக்டரம்மா சொன்னதே அதான். ஜென்மத்துக்கும் தொடக்கூடாது. நின்னு நின்னு கால் வலின்னு நானும் துன்னவதான். எவ்ளோ நாளா துன்றே?"

நான் பாயைப் பார்த்தேன்.

"வாரத்துக்கு ரெண்டு அட்டை" என்றார் பாய். குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு வருசம் ஆவுது. நான் இன்னாக்கா கண்டேன்? நீதான் பேர சொல்லி, மில்லிகிராம் சொல்லி கேப்பே. மருந்து ஆபீசுல வேல பாக்கறவ, தெரியாதான்னு குட்த்தேன்."

உண்மை. முதல் நாள் கடைக்குப் போய் "ஐபுப்ரோஃபென் நானூறு கீதா பாய்?" என்று கேட்டவள் நான்தான். ஊரடங்கில் வீட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் பத்து மணி நேரம் உட்கார ஆரம்பித்து, அப்படியே தொடர்ந்து, முட்டி போய்விட்டது. வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அந்த மாத்திரையின் பெயர் என் திரையில் நாளைக்கு முப்பது நாற்பது முறை வரும். இருநூறு, ஐந்நூறு மாத்திரை கொண்ட டப்பாக்களாக வாங்குவார்கள். எல்லாவற்றுக்கும் பாஸ். காலையில் கணினியைத் திறக்கும்போது ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, மூடும்போது ஒன்று. நான் மருத்துவரிடம் பொய் சொல்லவில்லை. அவர் மருந்து என்று கேட்டபோது என் மனதில் சீட்டோடு வரும் ஒன்றுதான் தோன்றியது. சீட்டு கேட்காதது இஞ்சி மரப்பா மாதிரி, தைலம் மாதிரி ஏதோ ஒன்று.

தாமுவை அனுப்பி இரண்டு வருட நாட்குறிப்புகளை எடுத்துவரச் சொன்னேன். புரட்டினேன். பால் வராத நாள், மின்சாரம் நின்ற நேரம், ரயில் தாமதம், முட்டி வலித்த நாட்கள் எல்லாம் இருந்தன. மாத்திரை ஓரிடத்திலும் இல்லை.

அடுத்த ஒரு மணி நேரம் கேவலமானது. சொன்னால் மூன்று முறை பொய் சொன்னவள் ஆவேன். மதியம் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளும் பொய்யாகும். அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். இந்த மருத்துவமனைச் செலவைக் காப்பீடு தராவிட்டால் எங்களிடம் வழியில்லை. சொல்லாவிட்டால் காலையில் ஊசி.

"நாளைக்கு ஊசி போட்டா அவங்களே கண்டுபுட்ச்சிடுவாங்க இல்ல?" என்றேன் தாமுவிடம்.

"ஊசி உன் முதுவுலதான் எறங்கும் ஜெயா. காப்பீட்டு ஆபீசு முதுவுல எறங்காது. சொல்லிடு."

"துட்டு?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொற."

ஏழு மணிச் சுற்றில் மருத்துவர் வந்தார். அட்டையை நீட்டினேன். எவ்வளவு, எத்தனை நாள், கடைசி மாத்திரை எப்போது என்று நேரம் உட்பட சொன்னேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மூணு தடவ கேட்டேன் மேடம்."

"அத நான் மருந்துன்னே நெனைக்கல டாக்டர்." அமெரிக்க ரசீது, சட்டம், காணாமல் போன கட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அந்த டப்பாவ நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. ரசீதுதான் வரும்."

"டப்பா மேல, வலிக்குன்னா பத்து நாளைக்கு மேல டாக்டர கேக்காம சாப்பிடாதேன்னு போட்டிருக்கும். ரசீதுல அது வராது இல்ல?"

பதினான்கு வருடம். எத்தனை லட்சம் ரசீதோ. மருந்தின் பெயரும் விலையும் தேதியும்தான் எனக்கு வந்தன.

இது பெரும்பாலும் அந்த மாத்திரையால் வந்த அழற்சிதான் என்றார் அவர். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்கு இடையே உள்ள சதை வீங்கி, குழாய்களை நெரிக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு இறங்கும், சிலருக்கு இறங்காது. மூன்று நாள் பார்ப்போம், சிறுநீர் கூடாவிட்டால் வெள்ளிக்கிழமை ஊசி என்று சொல்லிவிட்டு, தன் குறிப்பில் முதல் பக்கத்து வரியை அடித்துத் திருத்தினார். காப்பீட்டுக்கு நானும் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

அந்த மூன்று நாள் போல நீண்ட நாட்களை நான் அறிந்ததில்லை. செவ்வாய் 5.9. ஏறித்தான் இருந்தது. தாமு உப்பில்லாத ரசஞ்சோறு கொண்டுவந்து, நான் சாப்பிட வேண்டுமென்பதற்காகத் தானும் அதையே சாப்பிட்டு, "சோக்கா கீது" என்று முகத்தைச் சுளிக்காமல் சொன்னார். பாய் மறுநாளும் வந்தார், உள்ளே வராமல் கதவருகே நின்று "இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார். முட்டி வலிக்குத் துணியை வெந்நீரில் நனைத்து நர்சம்மா ஒற்றிக்கொடுத்தார். புதன் 5.8. அந்த ஒரு புள்ளிக்கு மகிழலாமா, அது எந்திரத்தின் தடுமாற்றமா என்று மாலைவரை மாறி மாறி யோசித்தேன். ஜக்கில் அறுநூறு இருந்தது. வியாழன் 5.1, ஜக்கில் ஆயிரத்து நூறு. வெள்ளி காலை மருத்துவர் ஜக்கை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஊசி வேணாம்" என்றார்.

தாமு வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

முழுவதும் திரும்பாது. இப்போது 1.7இல் நிற்கிறது, அதற்குக் கீழே வருமா என்று மருத்துவரால் சொல்ல முடியவில்லை. மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். கொடுத்ததிலிருந்து முடிவு வரும்வரை ஐந்து மணி நேரம் வேறெதுவும் செய்ய முடிவதில்லை. காப்பீட்டில் பணம் வந்தது. கையுறை, பஞ்சு, பதிவுக் கட்டணம் நீங்கலாக. வேலைக்கும் திரும்பிவிட்டேன். அந்த மாத்திரையின் ரசீதுகள் வருகின்றன, பாஸ் செய்கிறேன். ஒருவரே மாதாமாதம் வாங்கும்போது கை நிற்கிறது. அவருக்கு ஒரு வரி எழுத என் திரையில் இடமில்லை. பாய் தன் கடையில் அந்த மாத்திரையை யார் கேட்டாலும் "எத்தினி நாளா?" என்று கேட்கிறார். சிலர் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்களாம்.

வீட்டுக்கு அனுப்பியது சனிக்கிழமை. தாமு கீழே பில் கட்டிக்கொண்டிருந்தார். மல்லிகாவிடம் எப்படி விடைபெறுவதென்று தெரியாமல் புடவை மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தேன். அவளுக்கு அன்று கீழ்த்தளத்துக்குப் போகும் முறை. சக்கர நாற்காலி வாசலில் நின்றது. நான் தின்ற அதே மாத்திரைதான் அவளும் தின்றது. அவளுக்குச் சொல்ல அப்போது பக்கத்துக் கட்டிலில் யாரும் இல்லை.

"கடைசி ஸ்கோர் இன்னாக்கா?"

சொல்லக் கூசியது. "ஆயிரத்தித் தொள்ளாயிரம்" என்றேன்.

விசில் அடித்தாள். நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூஞ்ச தூக்கிவெச்சுக்காதே, போ. வூட்டுக்குப் போய் நெறைய தண்ணி குடி. எனக்கும் சேத்து ஒரு தபா ஒன்னுக்குப் போ."

நர்சம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.